தலையணையில் விழுந்த துரு

பூவனநத்தம் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிய பதினெட்டாம் நாள் காலையில், ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் மரியசெல்வத்தின் தலையணையில் அரைக் கைப்பிடி துரு கிடந்தது. மேலே இரும்பு விட்டம் ஏதும் இற்றுப்போய்க் கொட்டுகிறதா என்று மருமகள் அண்ணாந்து பார்த்தாள். அது சிமென்ட் கூரை. மறுநாளும் கிடந்தது. மூன்றாம் நாள் அவர் மத்தியானம் அசந்து தூங்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். மாவு மில்லில் அரைத்து முடிந்த பிறகும் குழாயில் தங்கிய மாவு கொஞ்சம் கொஞ்சமாக உதிருமே, அதுபோல அவர் வலது காதிலிருந்து செங்கல் நிறத்தில் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அலறவில்லை. முறத்தைக் கொண்டுவந்து காதுக்குக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் வாத்தியார் கறிக்கடைக்குப் போய், தன் வீட்டுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று கறிக்கடைக்காரரிடம் கேட்டார். கறிக்கடைக்காரருக்குக் கபடி சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

பொங்கலுக்குள் இருபத்து மூன்று வீடுகளில் துரு கொட்டியது. ஊர் ஆச்சரியப்படவில்லை. புகைபோக்கியிலிருந்து கொடித் துணியில் கரி விழுவதையும், கிணற்றுத் தண்ணீரில் கரும்புப் பாகின் வாடை அடிப்பதையும், வீட்டுக்கு இரண்டு பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் நாற்பது வருஷமாகப் பழகிய ஊர் அது. வானத்திலிருந்து விழுவதைப் பழகியவர்களுக்குக் காதிலிருந்து விழுவதைப் பழக ரொம்ப நாளாகவில்லை. பாத்திரத் துருவுக்குப் புளி போடுவதுபோலப் புளியைக் கரைத்துக் குடித்தார்கள், கடைகளில் புளி தீர்ந்தது. காதில் தேங்காய் எண்ணெய் விட்டார்கள், எண்ணெய் தீர்ந்தது. ஜவுளிக்கடைக்காரர் கறை தெரியாத காவிநிறத் தலையணை உறைகளை வரவழைத்தார், அவையும் தீர்ந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் கைகழுவப் போகிற சாக்கில் உள் அறையில் பெரியவர்களின் தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறதி என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. "அவருக்குக் கொட்டுதாம்" என்பார்கள், அவ்வளவுதான். செம்மண்ணுக்குப் பதிலாக அந்தத் தூளையே கரைத்துக் கோலத்துக்குக் கரை கட்டினார்கள். எறும்புகள் மட்டும் அந்தக் கரையோடு வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு, யாரும் தடுக்காமல், ஊரைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன.

ஆலைக் குடியிருப்பின் மூன்றாவது வரிசையில் இருந்தது அஞ்சலாட்சியின் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் கரும்பு வெட்டப் போனவள், அப்புறம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குப் பத்தொன்பது வருஷமாகச் சமைப்பவள். அவள் புருஷன் தனகோடி ஆலையில், கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கும் பாய்லரைப் பார்க்கிறவர். நெருப்பையும் தண்ணீரையும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று அவரே சொல்லுவார். அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை நினைத்த நாளில் போடுவார். மூன்று கரண்டி போட்ட டீயை ஒரு நாளைக்கு ஐந்து முறை குடிப்பார். "நான் காய்ச்சுற சர்க்கரை என்னையா கடிக்கப் போவுது?" என்பார்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் தலையணையிலும் கிடந்தது.

அஞ்சலாட்சி உறையைக் கழற்றிக் கொல்லைப் பக்கம் எடுத்துப்போனாள். தனகோடி ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. துரு கொட்டுகிறவனை ஆலை பாய்லர் பக்கம் விடாது, வீட்டையும் காலி செய்யச் சொல்லும். உறையை வாழை மரத்தடியில் உதறியபோது, அடுத்த கொல்லையிலும் அதற்கடுத்த கொல்லையிலும் அதே உதறல் சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் குணவதி நின்றிருந்தாள். அவள் புருஷன் சிங்காரவேலும் இன்னொரு ஷிப்டில் அதே பாய்லரைப் பார்க்கிறவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வரிசை முழுக்க எல்லா வீட்டுக்கும் தெரியும், எந்த வீடும் சொல்லாது என்று, ஒரு பேச்சும் பேசாமல் அன்று முடிவாயிற்று.

காற்று திரும்பி அடித்ததில் ஒரு சிட்டிகை தூள் அவள் உதட்டில் ஒட்டியது. நாக்கு தானாக நக்கிவிட்டது. முதலில் இனிப்பு, பிறகு இரும்பு. பிறகு அவள் பத்து வயசுப் பையனாக மாட்டு வண்டியின் பின்னாலிருந்து விழுந்து, இடது முழங்கை மடங்கி, புழுதியில் வாயைத் திறந்து அழுதாள். யாரோ ஒரு தடித்த கை தூக்கி, எச்சிலைத் தொட்டு முழங்கையில் தேய்த்தது. முழங்கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என்னாங்க, சின்னதுல வண்டிலேர்ந்து விழுந்தீங்களா?"

"நானா? யார் சொன்னா?" என்றார் தனகோடி, டீயை ஆற்றிக்கொண்டே.

"உங்க சித்தப்பா தூக்கினாரு. கை தடிச்சு இருக்கும். எச்சில் தொட்டு வெச்சாரு."

அவர் வேறு யாரோ ஒருவரின் சேதியைக் கேட்பவர்போல ஆசையாகக் கேட்டார். "அப்பறம் என்னா ஆச்சு?"

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். விழுந்தது என்னவென்று தெரிந்துகொண்டு, அவர் டீ குடிக்கும்போது திருப்பிச் சொன்னாள். அவருடைய அம்மா செத்த அன்று பெய்த மழையைச் சொன்னாள், முதல் சம்பள நாளில் வாங்கிய டார்ச் லைட்டைச் சொன்னாள், பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் அவர் யாருக்கும் தெரியாமல் அழுததைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். எதற்கும் அவர் முகத்தில், ஆமாம் என்ற வெளிச்சம் வரவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு மஞ்சள்தூள் டப்பாவில் துருவைப் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் நஸீமா வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் பாய்லர்ல இருக்கார் இல்லையா? அப்போ உங்களுக்குச் சீக்கிரம் புரியும், அம்மா. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன அடுப்பு இருக்கு. சர்க்கரைதான் அதுக்கு விறகு. சர்க்கரை வியாதி முத்தினா என்ன ஆகும்? விறகு வாசல்ல மலையா குவிஞ்சு கிடக்கும், கதவு திறக்காது. அடுப்பு பட்டினி கிடக்கும்."

"ரத்தத்துல அவ்ளோ இருந்துமா?"

"இருந்தும்தான். மூளை உடம்புல அம்பதுல ஒரு பங்குதான் கனம். ஆனா விறகுல அஞ்சுல ஒரு பங்கை அதுவே தின்னும். அதுக்குச் சரியா கிடைக்கலைன்னா அந்த அடுப்பெல்லாம் அரைகுறையா எரியும். அரைகுறையா எரிஞ்சா?"

"புகையும். பொறி தெறிக்கும்."

"அந்தப் பொறிதான் பக்கத்துல இருக்கறதை எல்லாம் அரிக்குது. காத்து பட்டு இரும்பு அரிக்குதே, அதேமாதிரி. நல்ல உடம்பு அப்பப்போ துடைச்சுக்கும். வயசாகி, சர்க்கரையும் சேர்ந்தா துடைக்கிற கை ஓஞ்சுபோகும். இதுக்கு அல்சைமர்னு பேர். ஆனா சர்க்கரை இருக்கற எல்லாருக்கும் இது வராது, சர்க்கரையே இல்லாதவங்களுக்கும் வந்திருக்கு. இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். இதுக்கும் அதுல ஒரு கை உண்டு."

"மத்த ஊர்லயும் இப்படிக் கொட்டுதா டாக்டர்?"

நஸீமா டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தார். "மத்த ஊர்ல கொட்டாது. உள்ளயே தங்கிடும். உங்க ஊர்ல கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான் வித்தியாசம்."

மாத்திரையைத் தவறாமல் கொடுக்கவும், டீயில் சர்க்கரையை நிறுத்தவும், தினமும் நடக்க வைக்கவும் சொன்னார். அரிக்கிற வேகம் குறையலாம், போனது திரும்பாது என்றார். பிறகு, "அவர் இன்னும் பாய்லருக்குப் போறாரா?" என்று கேட்டார்.

"லீவு போட்டிருக்காரு," என்று அஞ்சலாட்சி பொய் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, காலை ஷிப்டுக்கு அவர் கிளம்பிப்போன பிறகுதான் அவளுக்குத் தலையணையைப் பார்க்க நேரம் கிடைத்தது. அன்று தூள் வழக்கத்தைவிடக் கறுப்பாக இருந்தது. நாக்கில் வைத்தாள். இனிப்பே இல்லை. ஒரு பெரிய இரும்புச் சுவரின் முன்னால், முகம் வெந்துபோகிற சூட்டில், இருபத்தாறு வயசில் நின்றாள், மேஸ்திரி ஒருவர் காதைத் திருகிக்கொண்டே சொன்னார்: "கண்ணாடிக் குழாய்ல தண்ணி தெரியலைன்னா பயந்துபோய்த் தண்ணியத் திறந்துடாதடா. உள்ள வெறும் இரும்பு காய்ஞ்சு சிவந்து கிடக்கும். அது மேல தண்ணி பட்டா ஆலையே பறக்கும். மொதல்ல சக்கைய நிறுத்து, காத்தை நிறுத்து, நெருப்பைச் சாவடி. தண்ணியத் தொடாத."

முப்பத்தொரு வருஷமாகப் பாய்லர் கூடத்தில் வேலை செய்யும் பத்தொன்பது பேர் உயிரை ஒவ்வொரு ஷிப்டிலும் காப்பாற்றிய அந்தச் சொல் இப்போது அவள் வாயில் இருந்தது. அவரிடம் இல்லை.

உலையில் அரிசி கிடக்க, அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, ஓடினாள். ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் புகுந்து, காவல்காரர் கத்தக் கத்த உள்ளே ஓடி, அதுவரை ஒருநாளும் ஏறியிராத இரும்புப் படிகளில், எந்தப் படி தளர்ந்தது என்று முன்பே தெரிந்தவள்போல அதை மட்டும் தாண்டிக் கால் வைத்து ஏறினாள். மேலே தனகோடி, பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாயின் முன்னால் நின்றிருந்தார். குழாய் வெறுமையாக இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாகத்தோடு இருக்கிற மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர்போல இரக்கமான முகத்தோடு, தண்ணீர் வால்வின் சக்கரத்தில் கை வைத்தார்.

"தொடாதீங்க!"

"தண்ணி இல்ல அஞ்சல, பாரு. பாவம்."

"தொடாதடா!" என்றாள் அவள். மேஸ்திரியின் குரல் அவள் தொண்டையில் அப்படியே வந்தது. "சக்கைய நிறுத்து! காத்தை நிறுத்து!"

அவர் கை தளர்ந்தது. எந்தப் பொத்தான், எந்த நெம்புகோல் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. சக்கை வருவதை நிறுத்தினாள், காற்றாடிகளை நிறுத்தினாள், கீழே இருந்தவர்களை வெளியே ஓடச் சொல்லிக் கத்தினாள். இரும்புச் சுவருக்குள்ளிருந்து பெருமூச்சுபோல ஒரு சத்தம் வந்து, நீண்டு, மெல்ல அடங்கியது. பத்தொன்பது பேரும் கரும்புச் சக்கை மேட்டருகே நின்று மேலே பார்த்தார்கள். தனகோடி வியர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீ எப்ப இங்க வேலைக்குச் சேந்த?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அஞ்சலாட்சி வீட்டிலிருந்த தலையணை உறைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போய், ஷிப்டு மாறுகிற கூட்டத்தின் நடுவில் கீழே போட்டாள். "என் வீட்டுக்காரருக்கு ஒரு மாசமா கொட்டுது. மறைச்சது நான். நேத்து நீங்க எல்லாம் செத்திருப்பீங்க. இன்னும் யாருக்கெல்லாம் கொட்டுதுன்னு பாருங்க," என்றாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆலை நிர்வாகம் மூன்று நாள் எல்லாத் தலையணைகளையும் பார்த்தது. நாற்பத்திரண்டு பேருக்குக் கொட்டியது. எடை போடுகிறவருக்குக் கொட்டியது, சங்கு ஊதுகிறவருக்குக் கொட்டியது, தலைமைப் பொறியாளரின் சட்டைக் காலரிலேயே சிவப்பாக இருந்தது. அத்தனை பேரை நிறுத்தினால் ஆலையை யார் ஓட்டுவது? கரும்பு வண்டிகள் இரண்டு மைலுக்கு நின்றன, வெயிலில் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் தனகோடியை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் வாயைத் திறந்ததால்தான் மற்றவர்களையும் சோதித்தார்கள் என்று குடியிருப்பு அவளோடு பேச்சை நிறுத்தியது. குணவதி வேலியில் பழைய புடவையைக் கட்டி மறைத்தாள்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. எட்டு மணிச் சங்கு பதினோரு மணிக்கு ஊதினால் ஊர் பதினோரு மணிக்குக் காலைப் பலகாரம் சாப்பிட்டது. ஒரே வண்டிக் கரும்பு இரண்டு முறை எடைக்கு ஏறியது, சில வண்டிகள் ஏறாமலே திரும்பின, யாரும் கேட்கவில்லை. சர்க்கரை ஒருநாள் பழுப்பாக வந்தது, ஒருநாள் கட்டியாக வந்தது, அதையும் வாங்கி டீயில் போட்டுக் குடித்தார்கள். புகைபோக்கியில் புகை சில நாள் கறுப்பாகவும் சில நாள் மஞ்சளாகவும் எழும்பி, கருப்பங்காட்டின் மேல் படுத்துக் கிடந்தது.

தனகோடி வீட்டில் இருந்தார். அஞ்சலாட்சி அவரை வாய்க்கால் ஓரமாக நடக்க வைத்தாள், கேழ்வரகும் கீரையும் கொடுத்தாள், மாத்திரையைக் கையிலேயே வைத்து விழுங்க வைத்தாள். தூள் குறைந்தது. ஒரு வாரம் ஒன்றுமே விழவில்லை. அந்த வாரம் அவள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

பங்குனியில் ஒரு காலை உள்ளங்கை நிறையக் கிடந்தது.

நாக்கில் வைத்தாள். நல்ல இனிப்பு. கரும்புத் தோட்டத்து வரப்பில், முழங்கால் வரை சேறு அப்பிய ஒரு பெண் தலையில் கரும்புக் கட்டைச் சுமந்துகொண்டு, பின்னால் வருகிறவளிடம் எதற்கோ திரும்பிச் சிரித்தாள். பார்க்கிறவனின் நெஞ்சு படபடவென்று அடித்தது. கையிலிருந்த தூக்குவாளி நழுவி விழுந்து சோறு கொட்டியதைக்கூட அவன் கவனிக்கவில்லை. அந்தப் பெண் அஞ்சலாட்சி. அவருடைய அத்தை கோயிலில் தன்னைப் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம் என்றுதான் முப்பத்து நான்கு வருஷமாக அவள் நினைத்திருந்தாள். அத்தையை அனுப்பியதே அவர்தான் என்று, அதை அவர் இழந்த காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்து அவளை மரியாதையோடு பார்த்தார். "யம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அழுகை வந்தது, ஆனால் வாயில் அந்த இனிப்பு இருந்ததால் வாயைத் திறந்து அழ மனசு வரவில்லை.

அப்போதுதான் கொல்லைக் கதவைத் தட்டினார்கள். குணவதி. முந்தானைக்குள் ஒரு தலையணை உறையைச் சுருட்டி வைத்திருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசினாள்.

"யக்கா, இன்னிக்கு ரொம்பக் கறுப்பா இருக்கு. தெனமும் உன்னாட்டம் நானும் நாக்குல வெச்சுப் பாக்குறவதான், இன்னிக்குப் பயமா இருக்கு. நீ சொல்லு."

அஞ்சலாட்சி வைத்தாள். இனிப்பே இல்லை.

"சிங்காரவேலு எங்க?"

"ஷிப்டுக்குப் போயிருக்காரு."

தனகோடியைத் தனியாக விட முடியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். "பாய்லர்! எல்லாரும் வாங்க, பாய்லர்!" என்று கத்தினாள். ஒரு கதவு திறந்தது. பிறகு அடுத்தது. தலையணை உறையோடும் துடைப்பத்தோடும் கரண்டியோடும் பெண்கள் வெளியே வந்து அவள் பின்னால் ஓடினார்கள். வாசலில் காவல்காரர் அவர்களைத் தடுக்க வேண்டும் என்பதை மறந்து, கதவை அகலத் திறந்துவிட்டு வணக்கம் வைத்தார். சிங்காரவேலின் கை வால்வில் இருந்தது. குணவதி அந்தக் கையைக் கட்டிக்கொண்டாள். அஞ்சலாட்சி சக்கையை நிறுத்தினாள், காற்றை நிறுத்தினாள். இந்த முறை அவள் அத்தோடு நிற்கவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கூடமாகப் போய், ஒவ்வொரு பொத்தானாக அணைத்தாள். உருளைகள் நின்றன. கொப்பரைகள் நின்றன. பட்டைகளும் சங்கிலிகளும் நின்றன. கடைசிப் புகை உயரப் போய்க் கலைந்தது.

அரவைக் காலத்தின் நடுவில் அந்த ஊர் அதுவரை கேட்டிராத அமைதி வந்தது. தூரத்தில் வாய்க்கால் ஓடுவதுகூடக் கேட்டது. ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, சக்கை மேட்டருகே பெண்களோடு கலந்து நின்று, அந்தப் பெரிய கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

தனகோடி அஞ்சலாட்சியின் கையை விடாமல் நின்றிருந்தார். "யம்மா," என்றார், "இவ்ளோ பெருசா இருக்கே. இங்க என்னா பண்ணுவாங்க?"

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொறியாளர் தன் காலரைத் தடவினார். குணவதி எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

அஞ்சலாட்சிக்குத் தெரியும். நேற்றுகூட அதைக் கையில் எடுத்தாள். வெள்ளையாக இருக்கும், தண்ணீரில் போட்டால் கரையும், இனிக்கும். அவரிடம் சொல்ல வாயைத் திறந்தாள். அதன் பேர் வரவில்லை.